நிழற்கை

திரையில் ஓடிய பதிவில் முகம் தெரியவில்லை. நிறுவனத்தின் விதி அது. ஓட்டுபவரின் முகத்தையும் வண்டி எண்ணையும் அழித்துவிட்டுத்தான் பதிவுகளைச் சுகந்தியின் குழுவுக்கு அனுப்புவார்கள். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த வலது கையின் கட்டைவிரலில் நீளமாக ஒரு தழும்பு இருந்தது. பள்ளியில் படிக்கும்போது சைக்கிள் செயினுக்குள் விரலை விட்டதால் வந்த தழும்பு. தையல் போட்டபோது அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தவளே சுகந்திதான்.

அவள் பதிவை முதலிலிருந்து மறுபடி ஓட்டினாள்.

சிங்காநல்லூரைத் தாண்டிய சாலை, மாலை வெயில். கார் நல்ல வேகத்தில் போகிறது. வலது கை ஸ்டியரிங்கின் மேல் சும்மா கிடக்கிறது. இடது கை நடுத்திரையில் பாட்டைத் தேடுகிறது. கண் தெரியாவிட்டாலும் கழுத்து அந்தப் பக்கம் திரும்பியிருப்பது தெரிகிறது. ஒரு டீக்கடை மறைவிலிருந்து பெரியவர் ஒருவர் சைக்கிளை மிதித்தபடி குறுக்கே வருகிறார். கார் விலகுகிறது, வேகம் தணிகிறது, அவருடைய வேட்டி நுனியை உரசுவதுபோல் போய் மறுபடி நேராகிறது.

பதிவின் அடியில் இரண்டு கோடுகள் ஓடின. ஒன்று ஓட்டுபவரின் கை தந்த விசை. மற்றது நிழற்கை தந்தது. சைக்கிள் குறுக்கே வந்த நேரத்தில் முதல் கோடு படுத்துக் கிடந்தது. இரண்டாவது செங்குத்தாக எழுந்து இறங்கியது. எல்லாம் முடிந்த பிறகுதான் முதல் கோடு லேசாக அசைந்தது.

சுகந்தி திரையை அணைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

இருபது வயது முடியாதவர்கள் நிழற்கை பொருத்திய வண்டியை மட்டும்தான் ஓட்டலாம் என்று சட்டம் வந்து இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. வெளியே எல்லாருக்கும் தெரிந்தது இவ்வளவுதான்: அது ஒரு பாதுகாப்புக் கருவி, உயிர் போகிற கட்டத்தில் பிரேக் போடும். ஆனால் அது நாள் முழுக்க வேலை செய்துகொண்டிருந்தது. தாமதமாகத் திருப்பினால் முன்கூட்டியே திருப்பியது. அதிகம் திருப்பினால் குறைத்தது. பிரேக்கை மறந்த காலுக்குப் பதிலாக அழுத்தியது. இதையெல்லாம் ஓட்டுகிற பிள்ளை உணரவே கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் சுகந்தியின் குழு. நிறுவனத்தில் அதற்கு மென்மைக் குழு என்று பெயர். ஸ்டியரிங் தானாகத் திரும்பியது என்று கை கண்டுபிடிக்காதபடி, நான்தான் திருப்பினேன் என்று உடம்பு நம்பும்படி அந்த விசையை இழைத்து இழைத்துச் சரிசெய்தவள் அவள். அதற்காக நிறுவனம் ஒரு வருடம் அவளை மேடையேற்றிச் சால்வை போர்த்தியது.

அன்று சுகந்தி வீட்டுக்கு வந்ததும் மகள் தாரகை சமையலறை வாசலில் நின்றுகொண்டாள். கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம். தனக்கென்று வாங்கித் தந்த நிழற்கைக் காரை ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து நடையே மாறியிருந்தது.

"ம்மா, நேத்து சொல்ல மறந்துட்டேன். ஒரு தாத்தா சாகப் பாத்தாரு. வண்டில நானா இருந்ததால தப்பிச்சாரு."

சுகந்தி தோசையைத் திருப்பாமல் நின்றாள். "என்னாச்சு கண்ணு?"

"சைக்கிள்ல குறுக்க வந்துட்டாருமா. நான் லேசா ஒடிச்சு, பிரேக்கத் தொட்டு, அப்பிடியே நேரா எடுத்துட்டேன். பக்கத்துல ஷைனி கண்ண மூடிக்கிட்டா. எப்பிடிடி உனக்குக் கை இப்பிடிப் பேசுதுங்கறா."

"அவர நீ எப்பப் பாத்தே?"

"டீக்கடைகிட்ட வரும்போதே பாத்துட்டேனே. ஏம்மா?"

"ஒண்ணுமில்ல. தட்டெடு."

மகள் பொய் சொல்லவில்லை என்பது சுகந்திக்குத் தெரிந்தது. பெரியவரை முன்பே பார்த்ததாகவும், பிரேக்கைத் தொட்டதாகவும் அவளுக்கு உண்மையாகவே நினைவு இருந்தது. கார் செய்ததை எல்லாம் மனசு தன் கணக்கில் எழுதிக்கொண்டுவிட்டது. கருகிய தோசையைச் சுகந்தி தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலையில் வைத்தீஸ்வரனின் அறைக்குப் போனாள். நிழற்கைப் பிரிவு முழுவதற்கும் அவர்தான் தலைவர். கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

"யாரோட பதிவுன்னு தெரிஞ்சுக்கக் கூடாது சுகந்தி" என்றார்.

"விரல் தெரிஞ்சுது சார். பெத்தவளுக்குத் தெரியாதா?"

அவர் தலையசைத்தார். "சரி. என்ன செய்யணுங்கறீங்க?"

"அவ தானே ஓட்டினதா நினைக்கறா. ஞாபகமே அப்பிடித்தான் இருக்கு."

"அப்ப நீங்க வேலைய ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கீங்க." அவர் குரலில் கேலி இல்லை. "முதல்ல விட்டோமே, கைல தெரியற மாதிரி ஒண்ணு. ஞாபகம் இருக்குங்களா? பாதிப் பசங்க என்னைய நம்பலியான்னு ஒயரப் பிடுங்கிப் போட்டானுங்க. மீதிப் பேரு அதுதான் பாத்துக்குதேன்னு போனை நோண்டிட்டுப் போனாங்க. அப்ப வந்த விபத்துப் படங்களப் பாத்து அழுதது நீங்கதான். இப்ப அந்த மாதிரிப் படம் வருதா?"

"வரல."

"அப்பறம் என்ன?"

"இருபது முடிஞ்சா நிழற்கைய எடுத்துருவோம்ல சார். அன்னைக்கு என்ன பண்ணுவாங்க?"

"அதுக்குள்ள பழகியிருப்பாங்கன்னு கணக்கு."

"தப்புப் பண்ணினோம்னு தெரிஞ்சாத்தான பழகறதுக்கு? தப்பே பண்ணலேன்னு நினைக்கறவ எதைப் பழகுவா? முன்னாடியாச்சும் டிரைவிங் ஸ்கூல்னு ஒண்ணு இருந்துச்சு. பக்கத்துல ஒருத்தர் உக்காந்து திட்டுவாங்க. இப்ப அதையும் மூடியாச்சு. கார் சரின்னு சொன்னா லைசென்ஸ்."

வைத்தீஸ்வரன் ஜன்னல் பக்கம் பார்த்தார். "முதல் செட்டுக்கு இந்த வருஷந்தான் இருபது முடியுது. பொறுத்துப் பாப்போம்."

"யாரு விழறாங்கன்னு பாக்கறதுக்கா?"

சுகந்தி எழுந்து வந்தாள். வெளியே சொன்னால் வேலை போகும், வழக்கு வரும் என்பது தெரியும். அதைவிட, மகளிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்பதுதான் தெரியவில்லை. அன்று இரவு சொல்ல வாயெடுத்தாள். தாரகை கல்லூரியில் நடந்த எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கணவர் ஈஸ்வரன் ஓமானிலிருந்து பேசியபோது அவரிடமும் சொல்லவில்லை. சனி, ஞாயிறு ஷைனி வீட்டுக்கு வால்பாறை போகிறேன் என்று தாரகை சொன்னதும், பஸ்ஸில்தானே போகிறாள், வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் போனைத் திறந்தபோது ஷைனி போட்டிருந்த வீடியோ வந்தது. தேயிலைக்கு நடுவே ஒரு மண் சாலை. தாரகை ஒரு பழைய ஜீப்பின் ஸ்டியரிங்கை ஒற்றைக் கையால் பிடித்திருந்தாள். "எங்க எஸ்டேட்டுக்கு வந்திருக்கற புது டிரைவர்!" என்று ஷைனியின் குரல் கத்தியது.

சுகந்தி மகளை அழைத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. ஷைனியும் அப்படியே. அந்தப் பெண்ணின் அப்பா சேவியர் அங்கே ஒரு எஸ்டேட்டில் மேனேஜர். அவருடைய நம்பரைத் தேடி எடுத்தாள்.

"சொல்லுங்க மேடம், நல்லாருக்கீங்களா? பிள்ளைங்க ரெண்டும் டவுன் வரைக்கும் போயிருக்குதுங்க."

"அந்த ஜீப்புல நிழற்கை இருக்குதுங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க, எனக்கு முன்னாடி இருந்த மேனேஜர் காலத்து வண்டி. கியர் போடற வேலை இல்ல, ஈசியா இருக்கும். ரோட்டுக்கெல்லாம் எடுக்காதீங்க, எஸ்டேட் வழியாவே போங்கன்னு சொல்லித்தான் குடுத்தேன். உங்க பொண்ணு பிரமாதமா ஓட்டும்னு ஷைனி ஒரே பெருமை."

"சார், அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது."

மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "எங்கூட்லயும் இதேதாங்க. ஷைனி வண்டிய எடுத்தா அவங்கம்மா வாசல விட்டு நகர மாட்டா."

"விளையாட்டுக்குச் சொல்லல சார். நான் அந்தக் கம்பெனிலதான் இருக்கேன். சத்தியமாச் சொல்றேன், அவளுக்கு ஓட்டத் தெரியாது. போய் நிறுத்துங்க. தயவுசெஞ்சு உடனே போங்க."

சிரிப்பு நின்றது. "இருங்க, பைக்க எடுத்துட்டுப் போறேன்" என்றார்.

இந்த மனநிலையில் தன்னால் ஓட்ட முடியாது என்று சுகந்திக்குத் தெரிந்தது. டாக்சி பிடித்தாள். பொள்ளாச்சி வரைக்கும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அழைத்துக்கொண்டே போனாள். யாரும் எடுக்கவில்லை. ஆழியாறு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் அவள் போனிலும் சிக்னல் போய்விட்டது. ஒவ்வொரு வளைவிலும் கார் திரும்பும்போது அவள் கால் தரையை அழுத்தியது. இந்த வளைவில் மகள் எப்போது திருப்புவாள், எவ்வளவு தாமதமாகத் திருப்புவாள், அதைச் சரிசெய்ய எவ்வளவு விசை வேண்டும் என்று மனசு கணக்குப் போட்டபடியே வந்தது. பதிவுகளில் பார்த்துப் பார்த்துப் பழகிய கணக்கு. நிறுத்த நினைத்தும் நிற்கவில்லை.

"ஏனுங்க, வாந்தி வருதுங்களா? ஓரங்கட்டட்டுங்களா?" என்றார் டிரைவர்.

"வேண்டாங்க. போங்க."

மேலே ஒரு திருப்பத்தில் சிக்னல் வந்ததும் போன் அடித்தது. சேவியர்.

"மேடம், உங்க பொண்ணுக்கு ஒண்ணுமில்லீங்க." அந்த ஒரு வாக்கியத்திலேயே சுகந்திக்கு மீதி புரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தாரகை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சட்டையில் சேறு. முடியில் தேயிலைச் செடியின் சுள்ளி ஒன்று மாட்டியிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"லாரி வந்துச்சும்மா. வளைவுல. நான் எப்பவும் ஒடிக்கற மாதிரித்தான் ஒடிச்சேன். வண்டி கேக்கல." அவள் கைகள் காற்றில் ஸ்டியரிங்கைத் திருப்பிக் காட்டின. "இப்பிடித்தான். எப்பவும் போல இப்பிடித்தான் திருப்பினேன்."

அவள் காட்டியது மிகச் சின்ன அசைவு. அந்த அசைவு எந்த வண்டியையும் எந்த வளைவிலும் திருப்பாது.

ஜீப் நேராகப் போய்ப் பாலத்துச் சுவரில் மோதியிருந்தது. ஷைனி உட்கார்ந்திருந்த பக்கம். இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது, கோயம்புத்தூருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். ஆம்புலன்சுக்குக் காத்திருந்தபோது சேவியர் சுகந்தியின் அருகில் வந்தார். கண் சிவந்திருந்தது.

"பாப்பாவ ஒண்ணும் சொல்லாதீங்க மேடம். வண்டி பழசு. பிரேக்கு புடிக்கல போல. நான் குடுத்திருக்கக் கூடாது. தப்பு எம்மேலதான்."

சுகந்தி அவரைப் பார்த்தாள். சரிங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த மனிதர் பழியை மனதாரத் தூக்கிக்கொண்டு போயிருப்பார். தாரகைக்கும் தன் கைமேல் இருந்த நம்பிக்கை அப்படியே இருந்திருக்கும். அடுத்த மாதம் அவள் மறுபடி ஏதோ ஒரு வண்டியில் ஏறியிருப்பாள்.

"பிரேக்கு பிடிச்சிருக்கும் சார். அவ அமுக்கியிருக்க மாட்டா" என்றாள் சுகந்தி.

அந்த வராந்தாவிலேயே இருவரிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். நிழற்கை உண்மையில் என்ன செய்கிறது, அதை ஏன் மறைத்தார்கள், தன் வேலை என்ன, சிங்காநல்லூர்ப் பதிவில் என்ன பார்த்தாள் என்பதுவரை. சேவியர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"இந்த வாரந்தான். புதன்கிழமை."

"புதன்கிழமையே சொல்லியிருந்தா என் பொண்ணு நடந்துட்டிருப்பா."

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

தாரகை சட்டையில் காய்ந்த சேற்றை நகத்தால் சுரண்டினாள். பிறகு, "அந்தத் தாத்தா?" என்றாள்.

"அது நீ இல்ல கண்ணு."

"அப்பாவ ஏர்போர்ட்ல இருந்து கூட்டிட்டு வந்தேனே, அந்த மழையில?"

"அதுலயும் கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

சுகந்தி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அப்ப நான் எதத்தாம்மா ஓட்டினேன்?" என்றாள் தாரகை. அழவில்லை. தலைமுடியில் இருந்த சுள்ளியை எடுக்கச் சுகந்தி கையை நீட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சுகந்தி வேலையை விட்டாள். போக்குவரத்துத் துறையிலும், பிறகு செய்தியாளர்களிடமும் பேசினாள். உண்மை வெளியே வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவளும் நம்பவில்லை. அப்படி ஆகவும் இல்லை. நிறுவனம் அவள்மேல் வழக்குப் போட்டது. பல வீடுகளில் பிள்ளைகள் காரைத் தொடவே பயந்தார்கள். சில வீடுகளில் எனக்கு யார் துணையும் வேண்டாம் என்று மெக்கானிக்கிடம் கொடுத்து நிழற்கையைக் கழற்றினார்கள். ஒருநாள் உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். அவருடைய மகன் அப்படிக் கழற்றிய மூன்றாம் நாள் புளியமரத்தில் மோதியிருந்தான்.

"நீங்க வாய மூடிட்டு இருந்திருந்தா எம்பையன் நல்லா இருந்திருப்பான்" என்றார் அந்த அம்மா. அவர் திட்டி முடித்து, அழுது, வைக்கும்வரை சுகந்தி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அன்று முழுக்கச் சாப்பிடவும் இல்லை.

சில மாதங்களில் அரசு புதிய விதி கொண்டுவந்தது. புதிதாக லைசென்ஸ் கேட்பவர்களும் ஏற்கனவே வைத்திருக்கும் பிள்ளைகளும் மூடிய மைதானத்தில், நிழற்கை இல்லாத வண்டியில், ஆசிரியரோடு பயிற்சி எடுத்தாக வேண்டும். அதன்பிறகு பெற்றவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, அதே வண்டியில் சாலையிலும் ஓட்டிப் பழக வேண்டும். மூடிய பயிற்சிப் பள்ளிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சொல்லித்தர ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

தாரகை போக மறுத்துவிட்டாள். கல்லூரிக்கு நடந்து போய் பஸ் ஏறினாள். வீட்டில் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். வாரம் தவறாமல் ஷைனியைப் பார்க்கப் போவாள். சிகிச்சைக்காக ஷைனியின் குடும்பம் கோயம்புத்தூரிலேயே வாடகைக்கு வீடு எடுத்திருந்தது. சேவியர் கதவைத் திறந்துவிடுவார், பேச மாட்டார்.

ஒருநாள் வாக்கரைப் பிடித்து நடக்கப் பழகிக்கொண்டிருந்த ஷைனி நடுக்கூடத்தில் நின்றுவிட்டாள். உதட்டுக்கு மேல் வியர்த்திருந்தது.

"ஏன்டி, ஓட்டறதையே விட்டுட்டியாமா?"

"இனி எப்பிடிடி ஓட்டுவேன்?"

"நான் ஒவ்வொரு காலா எடுத்துவச்சு முதல்ல இருந்து கத்துக்கறேன். எனக்கு மட்டும் ஆசையா? நீ பாட்டுக்கு ஓரமா உக்காந்து அழுதுட்டிருந்தா ஆச்சா?" ஷைனி வாக்கரை ஒரு அடி முன்னால் தள்ளினாள். "போய்க் கத்துக்கோ. என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக ஆள் வேணும். டாக்சிக்காரன் ஒவ்வொரு குழியிலயும் எறக்கறான், உசிரு போகுது."

அந்த வாரமே தாரகை பயிற்சிக்குப் பெயர் கொடுத்தாள். அம்மாவையும் வரச் சொன்னாள். விபத்துக்குப் பிறகு அவளாக அம்மாவிடம் கேட்ட முதல் விஷயம் அதுதான்.

மைதானம் ஊருக்கு வெளியே, பழைய மில் ஒன்றின் வளாகத்தில் இருந்தது. ஆசிரியை மும்தாஜுக்கு முப்பது வயது இருக்கும். அதிர்ந்து பேசாதவர். தாரகையை ஒரு பழைய சின்னக் காரில் ஏற்றி, ஆரஞ்சு நிறக் கூம்புகளுக்கு நடுவே ஓட்டச் சொன்னார். தாரகை திருப்பினாள். அந்த மிகச் சின்ன அசைவு. கார் மூன்று கூம்புகளை அடித்துத் தூக்கியது. மறுபடி. இந்த முறை அளவுக்கு மீறித் திருப்பி வரப்பில் ஏறி நின்றது. தூரத்தில் நின்ற சுகந்தி இரண்டு கைகளாலும் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மகள் இறங்கி எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்துவிடுவாள் என்று பயந்தாள்.

தாரகை கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள். முகமெல்லாம் கண்ணீர், வாயில் சிரிப்பு.

"ம்மா! நான்தாம்மா இடிச்சேன்! நானே இடிச்சேன்!"

நான்கு வாரங்களில் கூம்புகள் விழுவது குறைந்தது. எங்கே பார்க்க வேண்டும், ஒரு மறைவு வந்தால் அதன் பின்னால் யார் இருக்கலாம், கால் எப்போது பிரேக்குக்குப் போக வேண்டும் என்று மும்தாஜ் சொல்லச் சொல்ல, தாரகை தான் பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினாள். வீட்டிலும் பேச ஆரம்பித்திருந்தாள். ஒரு சனிக்கிழமை மாலை மும்தாஜ் வேலியருகே வந்தார்.

"அம்மா, நீங்களும் ஒரு ரவுண்டு வாங்க. நாளைக்கு ரோட்டுல பக்கத்துல உக்காரப் போறது நீங்கதானே. இந்த வண்டி கைக்குப் பிடிபடணும்."

சுகந்தி சிரித்தாள். தாரகை பிறக்குமுன்பே கார் ஓட்டியவள் அவள். ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டாள். மைதானத்தை ஒரு சுற்று சுற்றி வரும்போது, மும்தாஜ் ஆட்களிடம் சொல்லிவைத்தபடி தடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு வைக்கோல் பொம்மையைக் குறுக்கே தள்ளினார்கள். சுகந்தி பிரேக்கை மிதித்தாள். மிதித்ததாகத்தான் நினைத்தாள். பொம்மை பானெட்டில் விழுந்து உருண்டது.

"பரவால்லீங்க, புது வண்டி" என்றார் மும்தாஜ். "இன்னொருக்கா."

இரண்டாம் முறை பொம்மை வரும் என்று தெரிந்தே காத்திருந்தாள். அப்போதும் இடித்தாள். நின்ற பிறகு குனிந்து பார்த்தாள். அவள் கால் இன்னும் ஆக்சிலரேட்டரின் மேலேயே இருந்தது.

மும்தாஜ் கை பிரேக்கை இழுத்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். "தப்பா நினைக்காதீங்க. இங்க வர்ற அம்மா அப்பா முக்காவாசிப் பேரு இப்பிடித்தாங்க இடிக்கறாங்க. பல வருஷமா ஓட்டறவங்க. எங்களுக்கும் ஏன்னு புரியல."

சுகந்தி காரை விட்டு இறங்கி மைதானத்தின் ஓரத்துக்குப் போனாள். வழக்கு நடக்கும்போது பேசக்கூடாதுதான். ஆனாலும் வைத்தீஸ்வரனை அழைத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"பெரியவங்க வண்டிலயும் போட்டிருக்கீங்களா சார்?"

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"சார்."

"உங்க கார் எப்ப வாங்கினீங்க சுகந்தி?"

"எட்டு வருஷம் ஆச்சு."

"அப்பவே இருந்துச்சு. சின்னவங்களுக்குச் சட்டம் வர்றதுக்கு முன்னாடியே பெரியவங்க வண்டிலதான் ஓட்டிப் பாத்தோம். இப்ப புதுசா வர்ற எல்லா வண்டிலயும் இருக்கு. நீங்க சரிபண்ணிக் குடுத்ததத்தான் வேற டீம் எடுத்துப் போட்டாங்க."

"இருபது முடிஞ்சா எடுத்துருவோம்னு சொன்னீங்களே."

"எடுத்துப் பாத்தோம். கொஞ்சப் பேருக்கு மட்டும்." அவர் குரல் தாழ்ந்தது. "அதுக்கப்பறம் யாருக்கும் எடுக்கல. நீங்க அவ்வளவு மென்மையாப் பண்ணியிருந்தீங்க. ஒருத்தர்கூட வந்து கேக்கல."

போனை வைத்துவிட்டு அவள் அங்கேயே நின்றாள். தாரகை அவளைத் தேடிக்கொண்டு வந்தாள். கேட்டதை அப்படியே மகளிடம் சொன்னாள். இந்த முறை ஒருநாள்கூடத் தள்ளிப்போடவில்லை. தாரகை வேலிக்கு அப்பால் நின்ற அம்மாவின் காரைப் பார்த்தாள். வரும்போது அம்மாதான் ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"சாவி குடுங்க, நான் ஓட்டறேன்னும் சொல்ல முடியாது" என்றாள் தாரகை மெதுவாக. "அதுலயும் அதுதான இருக்கும்."

"ஆமா கண்ணு."

காரை அங்கேயே பூட்டிவிட்டு இருவரும் மெயின் ரோட்டுக்கு நடந்தார்கள். ஒரு பழைய டவுன் பஸ் வந்தது. கூட்டத்தில் இடம் கிடைக்காமல் டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஜன்னல் வழியே சுகந்தி கடந்துபோகும் கார்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் ஒருவர் ஸ்டியரிங்கில் கை வைத்து, நிம்மதியான முகத்தோடு, தான் போக வேண்டிய இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். யாரைக் கூப்பிட்டு என்னவென்று சொல்வது? போன முறை சொன்னபோது அந்தப் பையன் புளியமரத்தில் மோதினான். இப்போது சொல்ல வேண்டியது ஊரில் உள்ள எல்லாரிடமும்.

திடீரென்று பஸ் முழுவதும் குலுங்கி நின்றது. நின்றவர்கள் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். தாரகையின் நெற்றி அம்மாவின் தோளில் இடித்தது. முன்னால் ஒரு கன்றுக்குட்டி மெதுவாகச் சாலையைக் கடந்துகொண்டிருந்தது.

"யோவ், பாத்து ஓட்டுய்யா!" என்று பின்னாலிருந்து நாலைந்து பேர் கத்தினார்கள்.

"பாத்ததாலதான் நின்னுச்சு, மூடிட்டு வாங்க!" என்று டிரைவரும் திரும்பிக் கத்தினார். கழுத்தில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு மூச்சு வாங்கியது.

சுகந்தி அவருடைய காலைப் பார்த்தாள். தேய்ந்த செருப்பு பிரேக்கின் மேல் இன்னும் முழு பலத்தோடு அழுந்திக்கொண்டிருந்தது. தாரகையும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.